நச்சுக் கழிவுக்கு அருகில் குடியிருப்பவர்கள்: புகார் வேறு, இழப்பீட்டுக் கோரிக்கை வேறு

சிங்கப்பூரில் தொழிற்பேட்டையை ஒட்டி வசிக்கும் பலர், தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் புகார் கொடுத்துவிட்டால் இழப்பீட்டுக்கான நடவடிக்கையும் அதனுடன் தொடங்கிவிட்டதாக நம்புகிறார்கள். அப்படித் தொடங்குவதில்லை. வாரியம் விசாரிப்பது சட்டத்தை மீறியவர்மீது நடவடிக்கை எடுப்பதற்காகவே. உங்களுக்குப் பணம் பெற்றுத் தருவது அதன் பொறுப்பன்று. புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும், வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு கரைந்துகொண்டேதான் இருக்கும். இது தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

மாசடைந்த நிலத்துக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டம் கிடையாது. இரசாயனக் கழிவை நீர்நிலைகளில் விடுவதை 1999-ஆம் ஆண்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டம் தண்டிக்கிறது. நச்சுத் தொழிற்கழிவைக் கையாளும் விதிகள் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பின்னணியாக இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் அலைச்சல், எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதில் தொடங்கும். வாடையும் புகையும் சுற்றுப்புற வாரியத்தைச் சேர்ந்தவை. அதே தொழிற்சாலையின் கழிவு சாக்கடைக் குழாயில் கலந்தால் பொதுப் பயனீட்டுக் கழகம். நிலம், தொழில்நிலங்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ஜேடிசி குத்தகைக்கு விட்டதாக இருந்தால் குத்தகை நிபந்தனைகளைப் பற்றி ஜேடிசியிடம்தான் கேட்க வேண்டும். தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர் பாதிக்கப்பட்டால் மனிதவள அமைச்சு. ஒரே பீப்பாயிலிருந்து கசிந்த திரவம் வேலியைத் தாண்டி எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறுவதைப் பாதிக்கப்பட்டவர் ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனவே புகாரை எழுத்தில், எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே நாளில், மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பியிருப்பதை ஒவ்வொன்றிலும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பதில் வராவிட்டால் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பார்த்து, அவர் வழியாகக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வேகமே வேறு.

மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். தொழில்நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவரும் திருப்பித் தருபவரும் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வு செய்ய வேண்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வு குத்தகைதாரருக்கும் நில உரிமையாளருக்கும் இடைப்பட்டது. அரசாங்கத்திடம் உள்ள ஆவணத்தைக் கேட்டுப் பெறும் தகவல் உரிமைச் சட்டம் இங்கு இல்லை. வழக்கு தொடங்குவதற்கு முன்பே ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்தை அணுக வழி உண்டு. அதற்கு வழக்கறிஞர் தேவைப்படுவார்.

இனி, பலரும் வழுக்கி விழும் இடம். வாடை, புகை, கசிவு ஆகியவற்றால் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று தொல்லை வழக்குப் போட, அந்த வீட்டின்மீது உங்களுக்குச் சட்ட உரிமை இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் உரிமையாளருக்கு அது உண்டு. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் பொதுவாக உண்டு. ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தவருக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், துவாஸிலோ கிராஞ்சியிலோ விடுதியில் ஒரு கட்டிலுக்கு மட்டும் உரியவரான ஊழியருக்கும் அநேகமாகக் கிடையாது. மற்றவர்களைவிட அதிக நேரம் அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் இவர்கள்தான் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை. இவர்களுக்கு எஞ்சியிருப்பது கவனக்குறைவு வழக்கு. அதில் நோயையும், அந்த நோய்க்கு அந்தக் கழிவுதான் காரணம் என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

விடுதியில் தங்கும் ஊழியர் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணியின்போது இரசாயனத்தால் பாதிக்கப்பட்டால், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரலாம். கோரிக்கைக்கு ஓராண்டுதான் அவகாசம். இரவில் படுத்திருக்கும்போது பக்கத்து ஆலையின் வாடையால் மூச்சுத்திணறல் வந்தால் அது வேலையிடக் காயமாகாது என்று காப்புறுதி நிறுவனம் மறுக்கும். அந்த மறுப்பு நிலைக்கவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலையில் இருந்தபோது தொடங்கியது என்பதைச் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு எத்தனை நாள் ஓய்வு என்பதைத்தான் காட்டும். நோயின் காரணத்தை அது சொல்லாது.

தவறான வாசல்களிலும் நேரம் வீணாகிறது. சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இடையிலான சச்சரவுக்கானது. தொழிற்சாலையை அங்கே இழுக்க முடியாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் சொத்துச் சேதத்துக்கு 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. உடல் பாதிப்பை ஏற்காது. மலேசியாவின் பாசிர் கூடாங் பக்கமிருந்து இரசாயன வாடை வருவதாகப் பொங்கோல்வாசிகள் கருதினாலும், 2014-ஆம் ஆண்டின் எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம் உதவாது. அது தீயினால் எழும் புகைமூட்டத்துக்கு மட்டுமே உரியது.

காலக்கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். உடல் பாதிப்புக்கு 3 ஆண்டுகள். பாதிப்பு பிறகுதான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. சொத்துப் பாதிப்புக்குப் பொதுவாக 6 ஆண்டுகள். பிறகு தெரியவந்த பாதிப்பானாலும், தவறு நடந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். நீங்கள் கொடுத்த முதல் புகாரையே எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டி, அன்றே உங்களுக்குத் தெரியும் என்று வாதிடும்.

சான்றைப் பொறுத்தவரை, அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு ‘வாடை இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமான கதை. வாடை அடித்ததோ விடியற்காலை இரண்டு மணிக்கு. எனவே தேதி, நேரம், காற்றின் திசை, யார் யாருக்கு என்ன செய்தது என்று ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். பத்துப் பேர் தனித்தனியே எழுதினால் இன்னும் நல்லது. வடிகாலில் தேங்கிய துருநிற நீரைத் தண்ணீர்ப் போத்தலில் பிடித்து வைப்பதால் பயன் குறைவு. யார் பிடித்தார், போத்தலில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வியிலேயே அது விழுந்துவிடும். சான்று தேடி வேலியைத் தாண்டி உள்ளே போகாதீர்கள், அத்துமீறியதாக உங்கள்மீதே புகார் வரும்.

வாரியம் வழக்குத் தொடர்ந்து நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர உத்தரவிடலாமா என்பதை நீதிமன்றம் பரிசீலித்தாக வேண்டும். உத்தரவிடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இதைப் பலரும் அறியாததால், தண்டனை விதிக்கப்படும் நாளில் மருத்துவக் கட்டண ரசீதுகள் வீட்டு அலமாரியிலேயே கிடக்கின்றன. விசாரணை அதிகாரியிடம் அவற்றை முன்கூட்டியே எழுத்து மூலம் கொடுத்துவிடுங்கள்.

செலவு பெரிய தடை. தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடும். வென்றால்தான் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்யும் வழக்கறிஞரை இத்தகைய வழக்குக்கு இங்கே தேடாதீர்கள். அத்தகைய ஒப்பந்தத்துக்கு இருந்த தடையில் 2022-இல் வந்த தளர்வு, நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் நடுவர் தீர்ப்பு போன்ற சில வகைகளுக்கு மட்டுமே. சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும், அதுவும் வருமானச் சோதனைக்குப் பிறகு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம், டிடபிள்யூசி2 போன்ற அமைப்புகளையோ நாடலாம்.

நிறுவனத்தின் ஆள் சில நூறு வெள்ளி காசோலையுடன் வந்து, ஆங்கிலத்தில் உள்ள ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், அன்றே போடாதீர்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தால், பிறகு நுரையீரலில் என்ன வந்தாலும் அந்த நிறுவனத்திடம் கேட்க முடியாமல் போகலாம். தாளின் நகலை வாங்கிக்கொண்டு, சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே பதில் சொல்வதாகக் கூறி அனுப்பிவிடுங்கள்.