கடலில் மிதந்தாலும் நன்னீரில்தான் ஓடின

ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுப் பக்கம் சரக்கு ஏற்றிய சின்ன நீராவிக் கப்பல்களுக்கு ‘பஃபர்’ என்று பெயர். புகைபோக்கி வழியே புஸ் புஸ்ஸென்று நீராவியை ஊதிக்கொண்டு போனதால் வந்த பெயர். 1850களில் ஃபோர்த்–கிளைடு கால்வாயில் ஓடத் தொடங்கியவை அவை. கால்வாய்த் தண்ணீர் நன்னீர். வேலை முடிந்த நீராவியை வெளியே விட்டாலும் நஷ்டமில்லை, பக்கத்திலேயே வேண்டிய மட்டும் மொண்டு பாய்லருக்குள் விடலாம். கடலோரத் துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கியதும் இந்த ஊதலை நிறுத்த வேண்டியதாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காரணம் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாய்லரில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கும். இதில் கால்சியம் சல்ஃபேட் ஒரு தனி ரகம். பெரும்பாலான பொருள்கள் சூடு ஏற ஏற நன்றாகக் கரையும். இதுவோ சூடு ஏறினால் கரைசலிலிருந்து பிரிந்து, இரும்பில் கல்போன்ற பொருக்காகப் படியும். பொருக்கு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தண்ணீர் படாத அடுப்புத் தகடு செந்நிறமாகக் காய்ந்து, அழுத்தம் தாங்காமல் உள்ளே புடைக்கும். அதன் பிறகு நடப்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கால்சியம் சல்ஃபேட் ஏறக்குறைய முழுதும் பிரிந்துவிடும். ஆகவே கடல்நீரைக் காய்ச்சிய பழைய கப்பல்களில் அழுத்தத்தைச் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அளவிலேயே வைத்திருந்தார்கள். அப்போதும் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு பங்கை அடிக்கடி கடலில் திறந்துவிட வேண்டும். நிலக்கரி எரித்து ஏற்றிய சூடும் அதோடு போய்விடும்.

இதற்கு வழி கண்டது கண்டென்சர். ஆங்கிலேய எஞ்சினியர் சாமுவேல் ஹால் 1834இல் காப்புரிமை பெற்ற வகையில் மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்கும். குழாயின் ஒரு பக்கம் குளிர்ந்த கடல்நீர், மறுபக்கம் வேலை முடிந்த நீராவி. இரண்டும் கலப்பதே இல்லை. நீராவி குளிர்ந்து நன்னீராகிப் பம்ப் வழியே மறுபடி பாய்லருக்குப் போகும். அதே தண்ணீர்தான் பயணம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெற்றிடம். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். கண்டென்சருக்குள் அவ்வளவும் திரும்ப ஒரு லிட்டராகச் சுருங்கும்போது அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போகிறது. எஞ்சின் சிலிண்டர் ஒன்றின் பிஸ்டன் 70 செ.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்றின் அளவே அழுத்தமுள்ள நீராவி இருந்தாலும் போதும், மறுபக்கத்து வெற்றிடத்தால் 3 டன்னுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த கடலே இயந்திரத்தின் ஒரு பாதிபோல வேலை செய்கிறது.

உப்புத் தொல்லை தீர்ந்ததும் அழுத்தத்தை 10, 12 கிலோ வரை ஏற்ற முடிந்தது. அவ்வளவு அழுத்தத்தை ஒரே சிலிண்டரில் விரியவிட்டால் சிலிண்டர் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாகச் சூடேறிக் குளிர்ந்து ஆவியை வீணடிக்கும். அதனால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக விரியவிட்டார்கள். 1881இல் ‘அபர்டீன்’ என்ற கப்பலில் ஸ்காட்லாந்து எஞ்சினியர் ஏ. சி. கிர்க் இதை வெற்றிகரமாக நிலைநாட்டினார். 1890இல் லண்டனில் கட்டிய ‘ராபின்’ என்ற கரையோரச் சரக்குக் கப்பலிலும் இதே வகை எஞ்சின்தான். 143 அடி நீளமே உள்ள அந்தக் கப்பல் 1900இல் ஸ்பெயினுக்குக் கைமாறி, ‘மரியா’ என்ற பெயரில் 1970கள் வரை அங்கே உழைத்தது.

சரி, ஒரே தண்ணீர் சுற்றுகிறதென்றால் அது கெடாமல் இருக்குமா? கெடும். சிலிண்டருக்கு இட்ட எண்ணெய் ஆவியோடு கலந்து வரும். அதைப் பிடிக்கத் துண்டுத்துணியும் கல்கரியும் (கோக்) வைத்து வடிகட்டினார்கள், பீர்க்கங்கூடுகூட வைத்தார்கள். நாம் உடம்பு தேய்த்துக் குளிக்கும் அதே நார்க்கூடுதான்! கண்டென்சர் குழாயில் ஓட்டை விழுந்து கடல்நீர் கசிகிறதா என்று பார்க்க, எஞ்சினியர் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார். பால்போல் வெளுத்தால் உப்பு புகுந்துவிட்டது.

திரும்பி வராத ஆவியும் உண்டு. பிஸ்டன் தண்டைச் சுற்றியும் வால்வுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அப்புறம் கப்பலின் சங்கு. மூடுபனியில் கரையை ஒட்டிப் போகும் கப்பல் 2 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நீளமாக ஊதியாக வேண்டும். சங்குக்குப் போன ஆவி காற்றோடு போனதுதான். பனி விடியும்வரை கலையாத இரவுகளில் மேல்தட்டில் ஒருவர் சங்குக் கயிற்றை இழுக்க இழுக்க, கீழே எஞ்சினியர் நன்னீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.