விழுக்காடு: எதன்மேல் விழுகிறது?

சதவீதத்துக்கு மாற்றாக அண்மையில் ஆக்கிய கலைச்சொல் ‘விழுக்காடு’ என்று நினைப்பவர்கள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பங்கு, வீதம் என்ற பொருளில் வரும் சொல் அது. ‘விழு’ என்ற வினையோடு சாக்காடு, வேக்காடு ஆகியவற்றில் உள்ள அதே ‘காடு’ விகுதி சேர்ந்திருக்கிறது. மரம் நிற்கும் காடு அல்ல. செலவைப் பிரிக்கும்போது “தலைக்கு எவ்வளவு விழும்?” என்கிறோமே, அந்த விழுதல்தான்.

சதவீதத்தின் ‘சதம்’ நூறைக் குறிக்கும் வடசொல். கிரிக்கெட்டில் அடிப்பதும், இலங்கை ரூபாயில் நூற்றில் ஒரு பங்கும் அதுவே. ‘பெர்சென்ட்’ என்பதன் மூலமான இலத்தீனத் தொடருக்கும் ‘நூற்றுக்கு’ என்றே பொருள். கடன் கொடுப்பவர் சொல்லும் “நூத்துக்கு ரெண்டு” அச்சு அசலாக அதுதான். ஆனால் அது மாதக் கணக்கு, ஆண்டுக்கு 24 விழுக்காடு.

விழுக்காடு என்ற சொல்லுக்குள் நூறு இல்லை என்பது குறைதான். என்றாலும் ‘எதன்மேல் விழுகிறது?’ என்று கேட்க வைக்கிறது. கணக்கில் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

20 விழுக்காடு தள்ளுபடி போக ஒரு சேலை 1,440 ரூபாய். குறித்த விலை என்ன? பலர் 1,440-இல் 20 விழுக்காடான 288-ஐக் கூட்டி 1,728 என்பார்கள். தள்ளுபடி விழுந்தது 1,440-இன்மேல் அல்ல, தெரியாத பழைய விலையின்மேல். அதை ‘அ’ என்க. ‘அ-இல் 20 விழுக்காடு’ என்றால் 0.20 × அ. ‘இல்’ வந்தால் பெருக்கல். ‘போக’ வந்தால் கழித்தல். ஆக,

அ − 0.20அ = 1,440
0.80அ = 1,440
அ = 1,440 ÷ 0.80 = 1,800

சரிபார்க்க: 1,800-இல் 20 விழுக்காடு 360, அது போக 1,440. கணக்கில் ‘சேர்த்து’ என்று வந்தால் கூட்டல்: 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 1,180 என்றால் 1.18அ = 1,180, அ = 1,000. இங்கே 1,180-இல் 18 விழுக்காட்டைக் கழித்தால் 967.60 வரும், தவறு.

செய்திகளில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. வட்டி 5 விழுக்காட்டிலிருந்து 7 ஆனால் ‘2 விழுக்காடு உயர்வு’ என்று எழுதுகிறார்கள். உயர்ந்தது 2 விழுக்காட்டுப் புள்ளி, அதாவது இரண்டு விழுக்காடுகளுக்கு இடையிலான வேறுபாடு. 5-இன்மேல் 2 கூடினால் அது 40 விழுக்காடு.