ஏற்றுக்கொண்டோம், ஆனால் யாருக்கும் தெரிய வேண்டாம்

குடும்ப மனநல ஆலோசகர் என்ற முறையில் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து நான் முதலில் கேட்பது, "இதைச் சரிசெய்துவிட முடியுமா?" என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பதையும், மாற்றிக்காட்டுவதாகச் சொல்லும் சிகிச்சைகளால் பயன் ஏதும் இல்லாததோடு மன அழுத்தமும் தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்பதையும் விளக்கியபின், சில வாரங்களில் அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. அதன்பிறகு வருகிற கேள்வி எளிதில் மறைவதில்லை: "உறவினர்களிடம் என்ன சொல்வது?"

பழைமைப் பிடிப்புள்ள சமூகங்களில் தன்பாலினத் திருமணத்திற்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, இந்த இரண்டாவது கேள்வியைத்தான் சுட்டிக்காட்டுவேன். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்: ஒரு தாய்க்குத் தம் மகளின் துணைவியுடைய இரத்த வகை தெரியும், அவருக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி அனுப்புவார், வீட்டிற்கு விருந்தினர் வந்தால் மட்டும் அந்தப் பெண் "கூட வேலை பார்ப்பவள்" ஆகிவிடுவாள். வீட்டிற்குள் கிடைத்துவிட்ட சம்மதம் வாசலைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. ஊரறியச் செய்வதுதான் திருமணம் என்பதால், சேர்ந்து வாழ்வதைப் பொறுத்துக்கொள்பவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்வாங்குகிறார்கள்.

கத்தோலிக்க மரபில் ஊறிய அயர்லாந்து, தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கியது 1993இல்தான். 2010இல் பதிவுசெய்த இணைவாழ்வுக்கு வழிசெய்து, 2015இல் பொதுவாக்கெடுப்பில் 62 விழுக்காட்டு ஆதரவுடன் திருமண உரிமையை வழங்கியது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் சட்டம் மாறியதைக் காட்டிலும், சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கதையை வெளியே சொல்லத் துணிந்ததே பெரிய மாற்றம் என்று நான் கருதுகிறேன். தைவானில் வரிசை வேறு: 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உரிமையை ஏற்றது, 2018இல் பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தனர், ஆயினும் 2019இல் சட்டம் வந்தது, அஞ்சியதுபோல் எவருடைய குடும்பமும் குலைந்துவிடவில்லை என்பதைக் கண்ணால் கண்டபின் அடுத்த சில ஆண்டுகளில் அரசின் கருத்துக்கணிப்புகளில் ஆதரவு கூடியது. ஆக, மனம் மாறிய பின்தான் சட்டம் வர வேண்டும் என்ற வாதம் முழு உண்மையல்ல.

பின்னடைவுகளும் உண்டு. அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் 2017இல் நீதிமன்றம் திறந்த வழியை அதே ஆண்டின் இறுதியிலேயே நாடாளுமன்றம் அடைக்க முயன்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமண உரிமையை நாடாளுமன்றத்தின் முடிவுக்கு விட்டது. மறுபுறம், அதற்கடுத்த மாதமே நேபாளத்தில் முதல் தன்பாலினத் திருமணம் பதிவானது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது.

காத்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவதுண்டு. ஊர் வாய்க்கு அஞ்சி எதிர்பாலினத்தவர் ஒருவருக்குத் திருமணம் செய்துவைத்துவிட்டால், தம் பிள்ளையோடு, எதுவும் அறியாமல் அந்த வீட்டிற்கு வந்த இன்னொருவரின் வாழ்வையும் சேர்த்தே பாழாக்குகிறோம். அப்படிப்பட்ட மனைவியரும் கணவன்மாரும் என் எதிரில் அமர்ந்து, தங்களிடம்தான் ஏதோ குறை என்று பல ஆண்டுகள் நம்பியதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். சட்ட ஏற்பு இல்லாத இடங்களில், சேர்ந்து வாழும் இருவரும் உயிலையும் மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரத்தையும் வழக்கறிஞர் உதவியோடு இப்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

தம் மகனுடைய துணைவரின் பெயரைக்கூட உச்சரிக்க மறுத்துவந்த தந்தை ஒருவர், அண்மையில் தமக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, அவசரத்திற்கு அழைக்க வேண்டியவராக அந்த இளைஞரையே படிவத்தில் குறிப்பிட்டதாகச் சொன்னார். உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அதை அப்படியே விட்டுவிட்டேன்" என்றார்.