பேன் என்றால் எந்தப் பேன்?

பேன் என்று சொல்லித் தவறான மருந்தை அடித்துவிட்டு வருபவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். உச்சிப்புளிப் பக்கத்து அண்ணன் ஒருவர் கத்தரி இலைகளைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொண்டுவந்தார். "பேன்னு சொன்னேன், கடையில மருந்து கொடுத்தாங்க. மூணு தடவை அடிச்சாச்சு, அடிக்க அடிக்கக் கூடுது." இலையைத் திருப்பினேன். அடி முழுக்கச் சிலந்திப்பேன். அவர் அடித்தது இமிடாகுளோபிரிட், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து.

குழப்பமே அந்தப் 'பேன்' என்ற சொல்லில்தான். இலைப்பேன் ஒரு பூச்சி. ஆறு கால், ஒல்லி உடம்பு. சிலந்திப்பேன் பூச்சியே அல்ல. அது சிலந்திக்குச் சொந்தம், வளர்ந்ததற்கு எட்டுக் கால். இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கும் பொறிவண்டுகளைத்தான் கொல்லும். அப்புறம் கூடாமல் என்ன செய்யும்? தயவுசெய்து கடையில் 'பேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முண்டு மிளகாய் போட்டவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி; பெயர்தான் சிலந்தி, அதுவும் சிலந்திப்பேனைப் போல ஒரு சிற்றுண்ணிதான். அது வலை பின்னாது, வெறும் கண்ணுக்கும் தெரியாது.

கத்தரி, வெண்டை, பருத்தி, மல்லிகையில் சிலந்திப்பேன் என்றால் இலைமேல் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை, உருண்டை முட்டைகள். மல்லிகை இலையில் வெள்ளைக் கம்பளி போலப் படர்ந்திருந்தால் அது வேறு சிற்றுண்ணி.

நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேன் பச்சையாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான், இனம் கண்டு சொல்லும் நாங்களே உறுதி சொல்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழும் உயிர் அது. செடியை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் எந்தச் செடியில் பறித்தது என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வெள்ளைத் தாளில் இலையைத் தட்டுங்கள். புள்ளி நகர்ந்தால் லென்ஸில் காலை எண்ணுங்கள். இலையைக் காகிதத்தில் சுற்றுங்கள், பிளாஸ்டிக்கில் வேர்த்து அழுகிவிடும். சிலந்திப்பேன்தான் என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம், இலையடி நனைய, வெயில் தணிந்த பிறகு. வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாவிட்டால் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியூருக்கு வண்டி ஏற்றுமுன் கட்டுக்கு நாலு இலையையாவது திருப்பிப் பாருங்கள். நூலாம்படை தெரிந்தால் அந்தக் கட்டை இறக்கி வையுங்கள்.