கைடில் விடை இருந்தால் அது உயர் சிந்தனை வினாவா?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பல பாடங்களின் முடிவில் ‘உயர் சிந்தனை வினாக்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. நல்ல கேள்விகள்தான். ஆனால் கைடு கடைக்கு வந்ததும் அவற்றுக்கும் விடை அச்சாகிவிடுகிறது. பிள்ளைகள் அதையும் உருப்போட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட சிந்தனைத் திறன்களின் படிநிலையில் நினைவுகூர்தல் அடிப்படி. பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் எல்லாம் மேற்படிகள். வினாவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், விடை முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால் நடப்பது அடிப்படி வேலைதான்.

அதனால் பயிற்சித்தாள் தயாரிக்கும்போது நான் புதிய கேள்வி தேடி அலைவதில்லை. பழகிய சோதனையையே எடுத்து, வரிசையை மாற்றிவிடுவேன்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் ஏறுகிறது. ‘ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது’ என்று எட்டாம் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். என் பயிற்சித்தாளில் இரண்டே கேள்விகள். தண்ணீர் ஏறுவது சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் என்ன ஆகும்? தீக்குச்சியைத் தொடுவதற்கு முன்பே கணிப்பையும் காரணத்தையும் எழுதியாக வேண்டும், அதுவும் பேனாவால். பென்சில் என்றால் சோதனை முடிந்ததும் ரப்பர் வந்துவிடும்.

மூன்று வைத்தால் தண்ணீர் கூடுதலாக ஏறும். “சார், டம்ளர் ஒண்ணுதான், உள்ள இருக்கற காத்தும் ஒண்ணுதான். அப்புறம் எப்படி ஜாஸ்தி ஏறுது?” என்று ஒரு பையன் கேட்டான். பாடம் அங்கேதான் தொடங்கியது. விளிம்பில் குமிழிகள் வெளியேறியதையும், சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென ஏறியதையும் இன்னொரு குழு குறித்திருந்தது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. மிச்சம் குளிர்ந்து அழுத்தம் குறையும்போது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை, செலவானதில் பெரும்பகுதிக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிடுகிறது. ஆனால் இந்த விளக்கத்தை நான் உடனே சொல்வதில்லை. ‘வெப்பம்தான் காரணம் என்றால், சுடரே இல்லாமல் தண்ணீரை ஏற்றிக் காட்டு’ என்பது அடுத்த வேலை. வெந்நீரில் டம்ளரைச் சூடாக்கிக் கவிழ்த்துப் பார்க்கும் யோசனை எப்படியும் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும்.

போர்ஷன் முடிக்க வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. அலகுக்கு ஒரு சோதனை போதும்.

மதிப்பெண் முறையையும் மாற்ற வேண்டும். நான் கணிப்புக்கு மதிப்பெண் போடுவதே இல்லை. எழுதிய காரணத்துக்குப் பாதி, கண்ணால் பார்த்த பிறகு அந்தக் காரணத்தை எப்படித் திருத்தினார் என்பதற்குப் பாதி.