குழாய் ஸ்பீக்கருக்கு ஏன் இன்னும் விலை இருக்கிறது?

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் சேலத்து மைக் செட் கடைக்காரர்களுக்குக் கை ஓயாது. பரணில் கிடக்கும் பழைய அலுமினியக் குழாய் ஸ்பீக்கரை விற்கக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ள இன்றும் ஆள் உண்டு. நேற்று வந்த புளூடூத் பெட்டியின் போர்டு போனால் பெரும்பாலும் காயலான் கடைதான்.

குழாயின் பின்பக்கம் திருகியிருக்கும் யூனிட்டுக்குள் ஒரு காந்தம், அதன் இடுக்கில் கம்பிச்சுருள், அதோடு ஒட்டி அதிரும் டயாபிரம் என்ற மெல்லிய தகடு. அவ்வளவுதான். சூட்சுமம் குழாயின் வடிவத்தில் இருக்கிறது. காற்று ரொம்ப லேசு. திறந்தவெளியில் ஒரு தகடு அதிர்ந்தால் காற்று நழுவி ஒதுங்கிவிடும். அதனால் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் ஒலியாக மாறுவது சுமார் 1 வாட், மீதி வெப்பம். குழாயின் கழுத்து குறுகலானது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் கை எதிர்ப்பை உணருமே, அப்படி அங்கே காற்று டயாபிரத்துக்கு ஈடுகொடுக்கிறது. பிறகு குழாய் படிப்படியாக விரிவதால் அந்த அழுத்தம் சிதறாமல் அலையாக வெளியேறுகிறது. அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு ஒலி. ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், இந்தச் சின்ன வாய்க்கு அது அடங்காது. நாதஸ்வரம் கணீரென்று கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கத்து கும்கி என்ற கனத்த ஒலி மட்டும் காணாமல் போகும்.

இதில் காந்தம் பல பத்தாண்டுகள் ஆனாலும் வலு குறைவதில்லை. குழாய் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். போவது டயாபிரம்; திருகைக் கழற்றிப் புதிதாகப் போட்டால் முடிந்தது.

ஒலிக்கு வலு ஏற்றும் ஆம்பிளிஃபையரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக 100 வாட் அனுப்பினால் ஒயரில் சுமார் 3.5 ஆம்பியர் ஓடும். மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பும் '100 வோல்ட் லைனில்' 1 ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். தெருக்கோடி வரை மெல்லிய ஒயரை இழுக்க முடிவது இதனால்தான்.

பழுது பார்ப்பதிலும் ஆம்பிளிஃபையர் குழாயைப் போலத்தான். அதன் உள்ளே முதலில் மூப்படைவது மின்னைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஏற்காட்டில் குளிர் உண்டு, ஆனால் பனிமூட்டத்தின் ஈரம் வால்யூம் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கரகரக்க வைக்கும். இரண்டும் மாற்றக்கூடிய சில்லறைச் சாமான்கள். பழைய செட்டுகளில் பரவலாக இருந்த 2என்3055 டிரான்சிஸ்டர்கூட இன்னும் கிடைக்கிறது.

பழையது வாங்கப் போனால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் கருகல் வாசனை அடித்தால் விட்டுவிடலாம். அதைத் திரும்பச் சுற்றுவதுதான் செலவு. சத்தம் கரகரத்தால் பயப்படாதீர்கள், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.