மார்சலேஷன்: துணுக்காக்கம்

கருப்பை நார்க்கட்டியை, அதாவது ஃபைப்ராய்டை, லேப்ராஸ்கோபியில் அகற்றுவதாகச் சொன்னால் கூடவே வரக்கூடிய சொல் மார்சலேஷன். சிறு துளை வழியே பெரிய கட்டி வராது. ஆகவே உள்ளேயே நறுக்கி எடுப்பது.

பிரெஞ்சில் 'மோர்சோ' என்றால் துண்டு. அதன் வேர் லத்தீன் 'மோர்சுஸ்', பொருள் கடி. ஒரு கடிக்கு வாயில் வரும் அளவு என்பதே மூலக் கருத்து.

கருவி கடிப்பதில்லை, சீவுகிறது. குழலின் நுனியில் கத்தி மின்விசையால் சுழலும். கட்டியைக் கவ்வி இழுக்க இழுக்க நீளக் கீற்றுகளாக வெளியே வரும். சுழலும் வேகத்தில் சில துணுக்குகள் வயிற்றறைக்குள் தெறிக்கும். சாதாரண நார்க்கட்டியின் துணுக்குகூட வயிற்றுச் சவ்வில் ஒட்டி, அங்கேயே ரத்த ஓட்டம் தேடிக்கொண்டு வளரலாம். இதை ஒட்டுண்ணி நார்க்கட்டி என்கிறார்கள். பெரிய அபாயம் வேறு: நார்க்கட்டி போலவே தோற்றமளிக்கும் லியோமயோசார்கோமா என்ற தசைப்புற்று. ஸ்கேனோ திசுப் பரிசோதனையோ அதை முன்கூட்டியே உறுதியாகப் பிரித்துக் காட்டாது. அதை நறுக்கினால், கருப்பைக்குள் அடங்கியிருந்த புற்று வயிறெங்கும் விதைபட்டுவிடலாம். அப்படியானால் பிழைக்கும் வாய்ப்பும் குறையும்.

நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி ஒளிந்திருக்கும் கருப்பைச் சார்கோமா இருக்கலாம் என 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிட்டது. இதைவிடக் குறைத்துச் சொல்லும் கணக்குகளும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் கருவியின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயது கடந்தவர்களுக்கும் கூடாது என்பதும் அதன் நிலை. மற்றவர்களிலும் பொருத்தமானவர்களுக்கு மட்டுமே, அதுவும் கட்டியை ஒரு பைக்குள் போட்டு நறுக்க வேண்டும் என்றது 2020-இல். பையும் கிழியலாம், கசியலாம். முழுக் காப்பு என்று நம்பிவிட வேண்டாம்.

தமிழில்? 'துண்டித்தல்' என்றால் காலை வெட்டியது போலவோ மின்சாரம் போனது போலவோ ஒலிக்கிறது. 'துண்டாடல்' நாட்டுக்குச் சொல்வது. என் தேர்வு துணுக்காக்கம், கருவி துணுக்காக்கி. சிதறும் துணுக்குதான் இங்கே பிரச்சினை, சொல்லிலேயே அது இருக்கிறது. பைக்குள் செய்வது 'உறையிட்ட துணுக்காக்கம்'. நறுக்காமல் அப்படியே எடுப்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை, 'முழுதாக எடுத்தல்' போதும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இந்த மூன்றில் எது என்று கேட்கலாம்.